சித்திரையில் பறித்த காபி

போன சித்திரை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை பத்தரை மணிக்கு, எங்கள் வீட்டுப் பரண் மேல் உட்கார்ந்துகொண்டு நான் ஒரு முடிவுக்கு வந்தேன். இனிமேல் ஞாயிற்றுக்கிழமைகளில் எந்த வேலையும் செய்யப்போவதில்லை. பரணைச் சுத்தம் செய்யச் சொல்லியிருந்தாள் என் மனைவி எழிலரசி. அவள் கீழேதான் நின்றிருந்தாள். ஆகையால் முடிவை உரக்கச் சொல்லவில்லை.

என் பெயர் ராமமூர்த்தி. ஆம்பூரில் ஒரு தோல் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடமாகத் தோலைத் தரம் பிரிக்கிறேன். ஓர் ஆட்டுத் தோலைத் தடவிப் பார்த்தே, அந்த ஆடு எந்த முள்வேலியைத் தாண்டும்போது வயிற்றைக் கீறிக்கொண்டது என்று சொல்லிவிடுவேன். முதலாளியே என்னைக் கேட்டுவிட்டுத்தான் தலையாட்டுவார். வெளியில் எனக்கு அப்படியொரு மரியாதை. வீட்டில் எழிலரசி இருக்கிறாள்.

எழிலரசி ஷூ கம்பெனியில் க்யூ.சி. தைத்து வரும் ஷூவை எடுப்பாள், ஒரு திருப்பு திருப்புவாள், ஒரு நூல் விலகியிருந்தாலும் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி ஓரமாகப் போட்டுவிடுவாள். ஒரு நாளைக்கு ஆயிரத்து இருநூறு ஷூ. அத்தனையையும் பார்த்து முடித்த கண், சாயங்காலம் வீட்டுக்கு வந்து என்னைப் பார்க்கும்.

ஆறு நாள் இரண்டு பேருக்கும் வேலை. ஏழாவது நாள் ஃபேன் துடைக்க வேண்டும், தொட்டி கழுவ வேண்டும், ஒட்டடை அடிக்க வேண்டும். காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டிவிடுவாள். அவளும் சும்மா இருப்பதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். துவைப்பாள், சமைப்பாள், வாரத்துக்கெல்லாம் சேர்த்து மாவு அரைப்பாள். அது அவளுடைய பழக்கம். நான் அதில் தலையிடுவதில்லை.

எனக்கு வேண்டியது தூக்கம் ஒன்றுதான். டிபன் சாப்பிட்டுப் படுத்து, மத்தியானச் சாப்பாட்டுக்கு எழுந்து, மறுபடியும் படுத்து, சாயங்காலம் 'இன்னிக்கு என்ன கிழமை?' என்று கேட்கிற மாதிரி ஒரு தூக்கம். வாரத்தில் ஒரே ஒரு நாள். இதை என் தோஸ்த் சர்தார் பாஷாவிடம் சொன்னேன். பச்சைத் தோல் வாங்கி விற்கிறவர். எதையும் ஊறவைத்து யோசிப்பார்.

"தூங்கணும் பாய். அவ்ளோதான்."

"தூங்கேன். யாரு வேணான்றாங்க?"

"எழிலு."

சர்தார் பாஷா தெருப் பக்கம் ஒரு முறை எட்டிப் பார்த்துக்கொண்டார். அந்தப் பெயருக்கு எங்கள் தெருவில் அப்படி ஒரு மதிப்பு.

"ஜவ்வாது மலையில என் மச்சான் ஒரு ரூமு வாடகைக்கு எடுத்து வெச்சிருக்கான். புளி போட்டு வெக்கறதுக்கு. சீசன் முடிஞ்சி இப்ப காலியாத்தான் கெடக்குது. கட்டில் இருக்குது. காத்து ஜில்லுனு வரும். ஆனா ஊட்ல இன்னான்னு சொல்லுவ?"

"தூங்கப் போறேன்னு சொல்றேன்."

"சொல்லு. உன் மையத்துக்கு, அதான் சாவுக்கு, நாங்க வந்துட்றோம்."

"பின்ன இன்னா பாய் பண்றது?"

"நல்ல காரியம் எதுனா சொல்லணும். அந்த மலை மேல சின்னச் சின்ன விவசாயிங்க காபி போட்றாங்களாம். அரை ஏக்கர், கால் ஏக்கர். நடுவுல ஒருத்தன் பூந்து கம்மி வெலைக்கு வாங்கினு போய்ட்றானாம், மச்சான் சொல்லுவான். நேரா போய் வாங்கப் போறேன்னு சொல்லு. ஏழைங்களுக்கு உதவி. ஊட்டுக்குக் காபி. உனக்குத் தூக்கம்."

எழிலரசிக்கு ஒரே பலவீனம் காபிதான். காலையில் கம்பெனி பஸ் வருவதற்குள் இரண்டு டம்ளர் குடிப்பாள். முதல் டம்ளர் காலியாகும்வரை நானும் பேசமாட்டேன். மறுநாள் இரண்டாவது டம்ளர் நடக்கும்போது விஷயத்தைச் சொன்னேன். மூவாயிரம் அடிக்கு மேலே என்றேன். மர நிழலில் விளைவது என்றேன். மலையில் விவசாயி வாடுகிறான் என்று சொல்லும்போது என் குரல் எனக்கே தழுதழுத்தது.

"வாராவாரமா போவணும்?"

"வாராவாரம் போனாத்தான் எழிலு அவங்களுக்கு ஒரு தைரியம்."

"சரி, போய்ட்டு வாங்க."

அவ்வளவு சுலபமாக முடியும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அப்போதே உஷாராகியிருக்க வேண்டும்.

முதல் ஞாயிறு சர்தார் பாஷாவின் ஸ்கூட்டரில் மலையேறினோம். ஊர் பெயர் நெல்லிமரத்தூர். முப்பது வீடு இருக்கும். மச்சான் எடுத்திருந்த அறைக்குப் பக்கத்து வீட்டில் ராஜம்மாள் என்று ஓர் அம்மாள், அறைக்குச் சொந்தக்காரி, சாவியைக் கொடுத்தாள். பின்பக்கம் பெரிய பெரிய மரங்கள், அவற்றுக்கடியில் ஆளுயரத்துக்கு ஏதோ புதர்கள். நல்ல நிழல். வியர்த்த சட்டையைக் கழற்றிப் புதர் மேல் காயப்போட்டேன். கட்டிலை ஜன்னலோரம் இழுத்துப் படுத்தேன். ஆறு மணி நேரம். என் கல்யாணத்துக்குப் பிறகு நான் அப்படித் தூங்கியதில்லை. எழுந்தபோது கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

சாவியைத் திருப்பிக் கொடுக்கப் போனேன்.

"நல்லா தூங்கினீங்களா சார்?" என்றாள் ராஜம்மாள்.

"நல்லா தூங்கினேம்மா."

வாராவாரம் இதே கேள்வியைக் கேட்டாள். மலைவாசிகளின் உபசரிப்பைப் பற்றி நான் சர்தார் பாஷாவிடம் உயர்வாகப் பேசினேன்.

கீழே இறங்கியதும் பஜாரில் அரைக் கிலோ காபித்தூள் வாங்கி, கடைப் பெயர் போட்ட பையைக் கிழித்துப் போட்டுவிட்டு, வாழை நாரால் ஒரு கட்டுக் கட்டினேன். நம்பும்படிதான் இருந்தது. எழிலரசி போட்டுக் குடித்தாள்.

"எப்டி இருக்குது?"

"நல்லாருக்குது. பஜார்ல வாங்கற மாதிரியே இருக்குது."

"இன்னிக்குத்தான் பறிச்சது. செக்கச்செவேல்னு பழம். நானும் கூட நின்னு ரெண்டு கூடை பறிச்சேன்."

"சித்திரையிலயா?"

"மலை இல்ல? கொஞ்சம் முன்னாடியே பழுத்துடும்."

"இன்னிக்குப் பறிச்சி இன்னிக்கே தூளாய்டுச்சா? தோலைப் பதம் பண்ணவே உங்க கம்பெனியில பாஞ்சி நாள் ஆவுதே."

"தோலுக்குத்தான் அந்த பேஜாரெல்லாம். இது பறிக்கணும், வறுக்கணும், அரைக்கணும். முடிஞ்சிபோச்சு."

"ஓ" என்றாள். பிறகு, "யாருகிட்ட வாங்கினீங்க?" என்று கேட்டாள்.

இந்தக் கேள்வியை நானும் சர்தார் பாஷாவும் ஊறவைக்க மறந்துவிட்டோம். அவள் தலைக்கு மேல் திருப்பதி காலண்டர் தொங்கியது.

"பெருமாளு."

"சம்சாரம் பேரு?"

அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது.

"அன்னம்மாள்."

இப்படித்தான் அந்தக் குடும்பம் உருவாயிற்று. ஒரு முறை உருவாக்கிவிட்டால் அவர்களைக் காப்பாற்றுவது நம் பொறுப்பாகிவிடுகிறது. அடுத்த வாரம் எழிலரசி, அன்னம்மாள் எப்படி இருக்கிறாள் என்று கேட்டாள். முட்டி வலி என்றேன், சும்மா இருக்க முடியாமல். அதற்கடுத்த ஞாயிறு ஒரு பாட்டில் வலி எண்ணெயும் ஒரு சம்படம் முறுக்கும் கையில் கொடுத்தாள்.

"பாவங்க, முட்டி வலியோட மலையில ஏறி எறங்கணும். சூடு பண்ணித் தேய்க்கச் சொல்லுங்க."

எனக்கு மிகவும் வெட்கமாக இருந்தது. ஆறு மாதத்தில் அன்றுதான் உண்மையைச் சொல்லிவிடலாமா என்று நினைத்தேன். மலை ஏறி, முறுக்கைத் தின்று, படுத்து எழுந்ததும் அந்த எண்ணம் போய்விட்டது. எண்ணெய்ப் பாட்டிலை அறையிலேயே வைத்துவிட்டு வந்தேன்.

ஆடியில் ஒரு நாள் தானும் வருவதாகச் சொன்னாள். மலைப்பாதையில் பாறை சரிந்துவிட்டது என்றேன். ஆவணியில் மறுபடியும் கேட்டாள். பெருமாள் வீட்டில் அம்மை போட்டிருக்கிறது என்றேன். இளநீரும் ஒரு பருத்திப் புடவையும் கொடுத்தனுப்பினாள். புரட்டாசியில் கேட்டாள். அன்றைக்கு எதுவும் தோன்றாமல், பெருமாளின் பெண்ணுக்குக் கல்யாணம், ஒரே கூட்டம், உட்கார இடமிருக்காது என்றேன்.

"புரட்டாசியில கல்யாணமா?"

"மலையில அதெல்லாம் பாக்கமாட்டாங்க."

அதற்கு ஓர் எவர்சில்வர் குடம் வந்தது. ஸ்கூட்டரின் பின்சீட்டில் குடத்தை மடியில் வைத்துக் கட்டிக்கொண்டு கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்தேன். எதிரில் வந்தவர்கள் எல்லாரும் வழிவிட்டார்கள்.

இதற்கு நடுவில் இன்னொரு தொல்லை. அறையில் வைத்த பொருள்கள் அடுத்த வாரம் இருப்பதில்லை.

"பாய், பொடவை எங்க?"

"நீ எடுக்கல?"

"நான் எதுக்கு பாய் பொடவை எடுக்கறேன்?"

"நான் மட்டும் எதுக்கு எடுக்கறேன்?"

கொஞ்ச காலம் நாங்கள் ஒருவர் மேல் ஒருவர் கண் வைத்துக்கொண்டே தூங்கினோம். அப்புறம் யோசித்துப் பார்த்ததில், காணாமல் போவதும் நல்லதுதான், சாட்சி குறைகிறது என்று விட்டுவிட்டோம்.

கார்த்திகை பிறந்தது. ஒரு வெள்ளிக்கிழமை எழிலரசி சொன்னாள்: "இந்த ஞாயித்துக்கிழமை நானும் வர்றேன். ரெண்டு மாசம் முன்ன பொண்ணு கல்யாணம், அதுக்கு முன்ன அம்மை. அந்தக் குடும்பத்தை நேர்ல பாத்து ரெண்டு வார்த்தை பேசணும்."

பாறை சரிவு ஆகிவிட்டது. அம்மை ஆகிவிட்டது. பெருமாளுக்கு இருந்ததே ஒரு பெண்தான், அவளையும் கட்டிக் கொடுத்தாகிவிட்டது. ஆறு மாதம் பழகிய மனிதன் என்பதால் எனக்கு மனமே இல்லை. ஆனாலும் வேறு வழியில்லாமல் பெருமாளைக் கொன்றுவிட்டேன்.

"எழிலு, ஒரு விஷயம். உன்கிட்ட எப்டி சொல்றதுன்னு தெரியல. பெருமாளு தவறிட்டாரு."

எழிலரசி கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தாள்.

"எப்போ?"

"காலையில. போன் வந்துச்சு. இனிமே அங்க யாரு இருக்காங்க எழிலு, நாம போய் யாரைப் பாக்கறது?"

"இன்னா பேசறீங்க? கல்யாணத்துக்குத்தான் போவல. சாவுக்குக் கூடப் போவலன்னா அந்த அன்னம்மா இன்னா நெனைக்கும்? ஆறு மாசமா அவங்க காபியைத்தான குடிச்சோம்?"

  பரண் துடைக்காமலிருக்க ஆயிரம் சாக்குச் சொல்லலாம். எங்கள் ஊரில் சாவுக்குப் போகாமலிருக்க ஒரு சாக்கும் கிடையாது. ஆள் செத்ததாகச் சொன்னால் அவள் வருவதை நிறுத்தலாம் என்று கணக்குப் போட்டவன் இந்த மாவட்டத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

"நாளைக்கு எனக்கு ஷிப்மென்ட் இருக்குது. ஞாயித்துக்கிழமை போவலாம். அதுக்குள்ள எடுத்துட்டாலும் படத்துக்காவது போடலாம். மாலை நான் சொல்லி வெக்கிறேன்" என்றாள்.

சர்தார் பாஷாவுக்கு போன் செய்தேன். நேரம் பார்த்து அவருக்குக் காய்ச்சல் வந்துவிட்டது.

ஞாயிறு காலை பஸ்ஸில் மலையேறினோம். என் மடியில் ஒரு பெரிய மாலை. சம்பங்கியும் ரோஜாவும் வைத்துக் கட்டியது. பக்கத்து சீட்டுக்காரர் விசாரித்தார்.

"கோயிலுக்கா சார்?"

"சாவுக்கு."

அவர் மாலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார். எழிலரசி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்தேன். முன்பின் பார்க்காத ஒருவனுக்காக அழுகிறாளே, இவளைப் போய் ஏமாற்றிவிட்டோமே என்று என்னையே நொந்துகொண்டேன். அவள் கையைப் பிடித்து ஆறுதல் சொன்னேன். தோள் இன்னும் அதிகமாகக் குலுங்கியது.

நெல்லிமரத்தூரில் இறங்கினோம். பறை இல்லை, பந்தல் இல்லை. ஒரு சேவல் மட்டும் கூவியது. பெருமாள் வீட்டுக்கு எந்தப் பக்கம் என்று அவள் கேட்பாள், மயங்கி விழுந்துவிடலாம் என்று தயாராக இருந்தேன். அவள் கேட்கவே இல்லை. விறுவிறுவென்று நடந்து, இரண்டாவது சந்தில் திரும்பி, ராஜம்மாள் வீட்டு வாசலில் போய் நின்றாள்.

"வாங்க எழிலக்கா" என்றாள் ராஜம்மாள். அவள் கட்டியிருந்த பருத்திப் புடவையை எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது. வாசலில் எவர்சில்வர் குடத்தில் தண்ணீர் இருந்தது. அதை எங்கே பார்த்தேன் என்பதில் சந்தேகமே இல்லை.

"முட்டி எப்டி இருக்குது ராஜம்மா?"

"எண்ணெய் தேய்ச்சதுல கொஞ்சம் தேவலைக்கா."

நான் மாலையோடு நின்றேன்.

"எழிலு, இவங்கள உனக்கு..."

"எங்க தையல் லைன்ல சோபனான்னு ஒரு பொண்ணு இருக்குதுன்னு சொல்லுவேனே, அதோட அம்மா. நீங்க சித்திரையில ரெண்டு கூடை பழம் பறிச்சேன்னு சொன்னீங்க இல்ல? மறுநாளே சோபனாகிட்ட கேட்டேன். அது சிரிச்ச சிரிப்புல ஒரு ஷூவைத் தப்பாத் தைச்சிடுச்சு. சித்திரையில காயே மிளகு சைஸ்லதான் இருக்குமாம். கார்த்திகையிலதான் பழுக்குமாம். பறிச்சி, தோல் எடுத்து, ஊற வெச்சி, கழுவி, பாஞ்சி நாள் வெயில்ல காய வெச்சி, அதுக்கப்புறம்தான் வறுக்கறதே. ஆம்பூர்லருந்து ஒருத்தர் வந்து அவங்க அம்மா ரூமுல தூங்கிட்டுப் போனாருன்னும் அதுதான் சொல்லிச்சு."

"அப்ப பொடவை, குடம்..."

"இவங்களுக்கு நானும் சோபனாவும் வாங்கினது. குடம், தையில சோபனாவுக்குக் கல்யாணம், அதுக்கு. மலைக்கு எதுனா அனுப்பணும்னா எவ்ளோ கஷ்டம் தெரியுமா? நீங்கதான் வாராவாரம் வந்துனு இருந்தீங்களே."

ஆறு மாதம் நான் பார்சல் சர்வீஸ் நடத்தியிருக்கிறேன். அதுவும் மடியில் வைத்து.

"நான் இங்க தூங்கறேன்னு தெரிஞ்சும் ஏன் எழிலு விட்ட?"

"தூங்கட்டும்னுதான். வாராவாரம் ராஜம்மாகிட்ட கேட்டுப்பேன், நல்லா தூங்கினாரான்னு. இப்பத் தூங்கினாத்தான கார்த்திகையில வேலை செய்வீங்க."

"இன்னா வேலை?"

எழிலரசியின் குரல் கொஞ்சம் மாறியது. விளையாட்டு போய்விட்டது.

"இந்த ஊர்ப் பொண்ணுங்க எல்லாம் கீழ எங்க கம்பெனிக்கு வந்துட்டாங்க. பறிக்க ஆள் இல்ல. பழுத்து நாலு நாள் விட்டா கீழ கொட்டிப்போவும். போன வருஷம் ராஜம்மாவுக்குப் பாதிதான் கைக்கு வந்துச்சு. அதையும் கம்மி வெலைக்கு வாங்கினு போய்ட்டாங்க. இந்த வருஷம் எங்க லைன் மொத்தமும் இவங்ககிட்டயே வாங்கிக்கறோம்னு சொல்லிட்டோம். பறிக்கறதுக்கு மட்டும் ஆள் வேணும். பெருமாளு வேற தவறிட்டாரு."

ராஜம்மாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

"இந்த மாலையை இன்னா பண்றது?" என்றேன். பேச்சை மாற்ற வேண்டியிருந்தது.

"அது சாமி மாலைங்க. சாவு மாலையா வாங்குவேன், யாரும் சாவாதப்ப? மொதப் பறிப்புக்குக் காபிச் செடிக்குப் போட்றதுக்கு வாங்கினேன். போடுங்க."

"எது காபிச் செடி?"

ராஜம்மாள் முந்தானையை வாயிலிருந்து எடுத்தாள்.

"ஆறு மாசமா மேல சட்டை காயப்போட்டீங்களே சார்" என்றாள் ராஜம்மாள் மெதுவாக. "அதான்."

அறைக்குப் பின்னால் போய்ப் பார்த்தேன். புதரெல்லாம் கிளைக்குக் கிளை செக்கச்செவேலென்று பழம். நான் சித்திரையில் வர்ணித்த மாதிரியே இருந்தது. மாலையைப் போட்டுக் கும்பிட்டேன். இடுப்பில் கூடையைக் கட்டினார்கள்.

காபிப் பழம் பறிப்பது சுலபமில்லை. ஒரே கொத்தில் சிவப்பும் இருக்கும், மஞ்சளும் இருக்கும், பச்சையும் இருக்கும். சிவப்பை மட்டும் ஒவ்வொன்றாகத் திருகி எடுக்க வேண்டும். தோலைத் தொட்டால் ஆட்டின் ஜாதகத்தையே சொல்கிறவன் நான். என் முதல் கூடையை ராஜம்மாள் கீழே கொட்டி, பாதிக்கு மேல் ஒதுக்கினாள். "பரவால்ல சார், பழகிடும்" என்றாள். மத்தியானம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு அறைக்குள் எட்டிப் பார்த்தேன். ஜன்னலோரக் கட்டிலில் எழிலரசி தூங்கிக்கொண்டிருந்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. அவள் பகலில் தூங்கி நான் பார்த்ததே இல்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. எழுப்ப மனம் வரவில்லை. கூடையை எடுத்துக்கொண்டு திரும்பிப் போனேன்.

அடுத்த ஞாயிறு பக்கத்து வரிசையில் சர்தார் பாஷாவும் பறித்துக்கொண்டிருந்தார். அவர் வீட்டம்மா நசீமுன்னிசாவுக்கும் ஒரு போன் போயிருக்கிறது. ஆளுக்கொரு கூடையைப் பார்த்துக் குனிந்துகொண்டோம்.

மார்கழி முடிவதற்குள் முதல் தூள் வீட்டுக்கு வந்தது. எழிலரசி இரண்டு டம்ளர் போட்டாள். ஒன்றை என்னிடம் கொடுத்தாள். பொய் சொல்லவில்லை, அப்படி ஒரு காபியை நான் குடித்ததில்லை. எழிலரசியின் லைனில் இருந்த பெண்கள் எல்லாம் ஆளுக்கு அரைக் கிலோ வாங்கினார்கள். ராஜம்மாள் இந்த வருடம் ஒரு பழத்தைக்கூட நடுவில் இருக்கிறவனுக்குக் கொடுக்கவில்லை. எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. இடுப்புக்கு மட்டும் இல்லை.

தை மாதம் மூன்றாவது ஞாயிறு கடைசிச் செடியின் கடைசிப் பழத்தைப் பறித்தேன். கூடையை அவிழ்த்து ராஜம்மாளிடம் கொடுத்தேன்.

"அவ்ளோதானம்மா? முடிஞ்சிது இல்ல?"

"காபி முடிஞ்சிது சார்" என்றாள் ராஜம்மாள். பிறகு நிமிர்ந்து, நிழல் மரத்தில் உச்சிவரை சுற்றிக்கொண்டிருந்த கொடியைப் பார்த்தாள். "அடுத்த வாரம் மிளகு. மரம் நல்லா ஏறுவீங்கன்னு எழிலக்கா சொல்லிட்டாங்க."